காசைத் திருப்பும் விதம்

நவம்பர் 3, திங்கள்

இன்றிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். பிசியோதெரபி பார்க்க வருகிற பெண் ஜெபராணி சொல்லிவிட்டாள்: "சாரு கைய வச்சு என்ன செஞ்சாவ, எம்புட்டுச் செஞ்சாவன்னு தெனம் எழுதி வையுங்க அண்ணாச்சி." கையைப் பற்றி மட்டும்தான் எழுதச் சொன்னாள். இந்தக் குற்றாலிங்கம் பேனாவைத் தொட்டால் கையோடு நிறுத்துகிற ஆளா? ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தமிழய்யா இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

விவரம் இதுதான். படுக்கையில் இருப்பவர் என் அத்தான் ஆவுடையப்பன். என் அக்கா மங்கையர்க்கரசியின் கணவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே விட்டார். எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே அடியில் போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய லாரி கம்பெனியின் இரவு நிர்வாகம் முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். போட்டது போட்டபடி பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறிவிட்டேன்.

கால் மெல்ல ஊன்றுகிறது. கைதான் அசையவில்லை. பந்தைப் பிசைய வேண்டும், பச்சைப்பயறுக்குள் விரலை விட்டு அளைய வேண்டும், தட்டில் கிடக்கிற காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இதுதான் பாடம். "இந்த ரெண்டு மூணு மாசந்தான் முக்கியம் அண்ணாச்சி. இதுக்குள்ள வெரலு வழிக்கு வரலேன்னா அப்புறம் இறுகிரும்" என்றாள் ஜெபராணி. அதுவரைக்கும் இடது கையில் ஸ்பூன் கொடுத்துப் பழக்கலாமே என்றும் சொன்னாள். அத்தான் வாயை இறுக மூடிக்கொண்டார். இடது கையால் சோற்றைத் தொடுகிற மனிதர் இல்லை அவர். அக்காதான் ஊட்டுகிறாள்.

சாயங்காலம் அக்கா மகன், என் மருமகன் நமச்சிவாயம் பெங்களூரிலிருந்து பேசினான். அக்கா போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, ஒன் முட்டிய வச்சிக்கிட்டு நீ அப்பாவத் தூக்கி எறக்க முடியாது. பொங்கல் வரைக்கும் பாப்போம். அப்பா தானா எடுத்துச் சாப்பிடுற அளவுக்கு வந்துட்டாங்கன்னா சரி. இல்லேன்னா இங்க பக்கத்துல ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன், நர்ஸ் எல்லாம் இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வந்துருங்க. வீட்டப் பூட்டிருவோம்."

அத்தானுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. கேட்டார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போனை வாங்கி, "மருமகனே, நான் வந்தாச்சில்லா? பொங்கலுக்கு ஒங்க அப்பா இலைல போட்டு அஞ்சு வெரலாலயும் பெசைஞ்சு சாப்பிடுவாவ, எழுதி வச்சிக்கோ" என்றேன்.

"சரி மாமா" என்றான். அவன் அதைச் சொன்ன விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஒரு காலத்தில் டீசல் பீப்பாயைத் தனியாளாக லாரியில் ஏற்றியவன் நான். அத்தான் பீப்பாயைவிட லேசு. ஆனால் பீப்பாய் நம்மைப் பார்த்துக் கூச்சப்படாது. பெட்பேனை எடுக்கும்போது அத்தான் கண்ணை மூடிக்கொள்கிறார். மரியாதைக்காக நானும் மூடிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். அது சரிப்படவில்லை. தரையைக் கழுவ வேண்டியதாயிற்று.

காசுத் தட்டை முன்னால் வைத்தேன். கை வாழைத்தண்டு மாதிரிக் கிடக்கிறது. பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

துவைத்தேன். மழை. மறுபடியும் துவைத்தேன்.

நவம்பர் 12, புதன்

"வேலை பாத்த காலமெல்லாம் காசுலயே கெடந்த மனுஷன். தட்டுல கெடக்க காசு மேல அப்படி என்ன கோவம்?" என்று அக்காவிடம் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

கல்யாண ஆல்பம் என்று நினைத்துத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் அறைகள், அறைக்கு ஒரு காசு. ஒன்றும் உருப்படியில்லை. ஒன்றில் சிங்கம் விளிம்பைத் தாண்டி வெளியே போய்ப் பாதி உடம்புதான் மிச்சம். ஒன்றில் ஓரத்தை எலி கடித்தது போலப் பிறைத் துண்டு ஒன்றைக் காணோம். ஒரு பத்து ரூபாயில் நடுவில் இருக்கவேண்டிய வெள்ளை வட்டம் மஞ்சள் வளையத்தின் மேல் ஏறிச் சரிந்திருக்கிறது.

"என்னக்கா இது, அம்புட்டும் செல்லாக்காசு?"

"செல்லாக்காசு இல்லல. அச்சடிக்கிற எடத்துலயே கோணலாப் போன காசு. வேலை பாக்கும்போது கண்ணுல பட்டா, தன் கைக்காச அங்கன வச்சிட்டு அத எடுத்துட்டு வந்துருவாவ. அடிக்கும்போதே வந்த கோணல்னாத்தான் ஆல்பத்துல ஏத்துவாவ. வெளிய வந்து நசுங்குனது, கீறல் விழுந்தது, எவனாது ராவுனது ஒண்ணும் சேத்தி கெடையாது."

"பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு?"

"ஒனக்கு இருக்கும். இந்தக் கடிச்ச காசப் பாரு. தகடு வெட்டும்போதே துண்டு போயிருந்துன்னா, அதுக்கு நேர் எதிர்த்தாப்ல உள்ள விளிம்பு எழும்பாம மழுங்கிக் கெடக்கும். எவனாது அரத்த வச்சு ராவியிருந்தா எதிர்ப்பக்கம் கிண்ணுன்னு நிக்கும். ஒங்க அத்தான் கண்ண மூடிக்கிட்டுக் கட்டைவெரல வச்சே சொல்லிருவாவ."

இவ்வளவுதானே. அத்தானுடைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டில் இருந்த காசுகளில் எனக்கு வாய்க்காததா? அரை மணியில் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு ரூபாயில் வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளி அதிகமாக விழுந்திருந்தது! "அக்கா, சிக்கிருச்சு!" என்று சத்தம் போட்டேன்.

அக்கா வந்து பார்த்தாள். "ஏல, அது ஊரு அடையாளம்ல. நொய்டால அடிச்சா புள்ளி, பம்பாய்ல அடிச்சா வைரம், ஐதராபாத்னா நச்சத்திரம், கல்கத்தாவுக்கு ஒண்ணுங் கெடையாது. கல்யாணமான புதுசுல அவிய என்கிட்டப் பேசுன மொத காதல் பேச்சே இதுதான்."

அத்தான் சுவரை விட்டு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் வந்த பிறகு இன்றுதான் பார்க்கிறார். 'இவனுக்கு அறிவென்று ஒன்று வைக்கவே இல்லையா' என்று கேட்கிற பார்வை. அக்காவின் கல்யாணப் பந்தலிலிருந்தே எனக்குப் பழக்கமான பார்வைதான். இருந்தாலும் பார்த்தார்.

நவம்பர் 17, திங்கள்

இன்று சரித்திர நாள். டீக்கடையில் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கி வந்தேன். சிங்கம் மேலே இருக்கும்படி ஒரு காசைப் பிடித்து, தோசையைத் திருப்புவது போலக் கீழிருந்து மேலாகப் புரட்டினால், அந்தப் பக்கம் எண் தலைகீழாக நிற்கிறது! ஆல்பத்தில் இப்படி ஒன்று இருந்தது. ஒரு பக்கத்து அச்சு திருகிப்போய் அடித்த காசு என்று அக்கா சொல்லியிருந்தாள். அடுத்த காசை எடுத்தேன். அதுவும் தலைகீழ். அதற்கடுத்ததும். வாங்கி வந்த அத்தனையும் தலைகீழ்! இத்தனை வருஷம் தேடி அத்தான் ஒன்றே ஒன்று கண்டுபிடித்தார். நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பை நிறையக் கண்டுபிடித்துவிட்டேன்.

"அத்தான், இங்க பாருங்க, எல்லாமே தலைகீழு!" என்று கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையிலிருந்து "ஏ... ஏ..." என்று ஒரு சத்தம். இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாளில் அவர் போட்ட முதல் சத்தம் அது.

சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு என்று அக்காவிடம் சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மத்தியானம் அத்தான் இடது கையை நீட்டினார். காசைக் கேட்கிறார். கொடுத்தேன். விளிம்பில் பிடித்து, சிங்கம் மேலே இருக்க, கதவைத் திறப்பது போலப் பக்கவாட்டில் திருப்பினார். எண் நேராக நின்றது. கதவைச் சாத்தினார். சிங்கம் நேராக நின்றது. திறந்தார், சாத்தினார், என்னைப் பார்த்தார்.

நம் நாட்டுக் காசுக்கு இரண்டு பக்கத்துக்கும் தலை ஒரே திசையில்தான், பக்கவாட்டில் திருப்பினால்தான் கணக்கு, தோசை போலப் புரட்டினால் நாட்டில் உள்ள எல்லாக் காசும் தலைகீழாகத்தான் தெரியும் என்று அவர் சொல்ல வந்திருக்கலாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தது ஒன்பதாவது.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. இடது கை காசைத் திருப்பும்போதெல்லாம், போர்வை மேல் கிடந்த வலது கையின் இரண்டு விரல்கள் மெல்லச் சுருங்கி விரிந்தன. ஆட்டத்துக்குக் கூப்பிடாத பிள்ளை ஓரமாக நின்று தானும் குதித்துப் பார்க்குமே, அந்த மாதிரி.

நவம்பர் 19, புதன்

காலையில் மறுபடியும் தோசைதான் போட்டேன். "அத்தான், இதும் தலைகீழு." அவருக்கு வந்ததே ஆத்திரம்!

இன்று முதல் கட்டிலின் வலப்பக்கம் உட்காருகிறேன். ஜன்னல் காற்று அந்தப் பக்கம்தான் வருகிறது. அவருடைய இடது கைக்கு நான் பிடிக்கிற காசு எட்டவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 27, வியாழன்

முதுகு விட்டுப்போகிறது. அக்காவின் முட்டியும் வீங்கியிருக்கிறது. அத்தானை நாற்காலிக்கு மாற்றும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்கிறோம். அத்தானுடையது வெறும் மூச்சு.

கோயம்புத்தூரிலிருந்து முதலாளி பேசினார். என் இடத்தில் வேறொருவரைப் போட்டுவிட்டாராம், கேட் சாவியையும் விசிலையும் கொடுத்தனுப்பச் சொல்கிறார். நல்லதுதான். என்னைப் போன்ற ஆளைக் கேட்டில் நிறுத்தி வைத்திருப்பது கம்பெனிக்கே கூச்சமாக இருந்திருக்கும். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் பெருமைப்படுவாள்.

இன்று காசு காட்டினேன். தோசை. ஆத்திரம். ஆள்காட்டி விரல் போர்வையைச் சுரண்டியது.

டிசம்பர் 4, வியாழன்

அதிர்ஷ்டம் என்றால் என் வீட்டு விலாசம் கேட்டுக்கொண்டு வருகிறது. ஓரத்தில் பிறைத் துண்டு இல்லாத ஒரு ஐந்து ரூபாய் கிடைத்தது. அசல் எலிக்கடி! (கையில் தோல் எப்படி உரிந்தது என்று அக்கா கேட்டாள். தேங்காய் துருவினேன் என்றேன். அம்மிக்கல்லில் ஏன் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும்?)

ஜெபராணி வந்திருந்த நேரம். அத்தானின் வலது உள்ளங்கையில் அந்தக் காசை வைத்து, "பாருங்க அத்தான், தகடு வெட்டும்போதே போன துண்டு. ஒங்க ஆல்பத்துல இருக்கதுக்கு இது அண்ணன்" என்றேன். முறைத்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே எழுந்து, காசின் மேல் நத்தை போல ஊர்ந்து, கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர் விளிம்புக்குப் போயிற்று. அங்கே ஒரு அழுத்து. விளிம்பு கிண்ணென்று நிற்கிறது, நீ ராவியது என்று அர்த்தம் போலும். காசை உள்ளங்கையிலிருந்து தள்ளிவிட்டார்.

ஜெபராணி ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டாள். "ஏ அண்ணாச்சி! கட்டைவெரலு தனியா வேலை செய்யி! உணர்ச்சியும் வந்திருக்கு! என்ன மந்திரம் போட்டிய?"

"எண்ணெய்" என்றேன். "கொல்லத்துல ஒரு வைத்தியரு எனக்கு மட்டும் சொல்லிக்குடுத்த எண்ணெய். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"சும்மா தேங்காண்ண வாசம்லா அடிக்கி?"

"அதான் அந்த வைத்தியரோட தந்திரமே."

டிசம்பர் 11, வியாழன்

அத்தான் பேசினார்!

ஆணியால் கீறல் விழுந்த ஒரு இரண்டு ரூபாயைக் கொண்டு போனேன். அச்சில் விரிசல் விட்டால் காசில் கோடு மேடாக எழும்பும், கீறல் என்றால் பள்ளமாக இறங்கும் என்று அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அது என் ஞாபகத்தில் இல்லை. "அச்சு விரிசல் அத்தான், அசல் சரக்கு. துபாய்க்காரன் ஒருத்தன் போன்லயே வெல பேசிட்டான்" என்றேன். ஆள்காட்டி விரல் நகத்தால் கோட்டைக் குறுக்கே தடவினார். நகம் பள்ளத்தில் தட்டி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்து, வாயைக் கோணி, "கோ... கோட்டி" என்றார்.

கோட்டி என்றால் எங்கள் பக்கத்தில் பைத்தியம். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னொருக்கச் சொல்லுங்க, இன்னொருக்கச் சொல்லுங்க." அவர் சொன்னார். பிறகு நாள் முழுக்க நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொன்னார்.

இந்த உலகத்தில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ பட்டம் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதை நான் தனியாக எடுத்து வைக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

நமச்சி வந்தான், ஒரு நாள் இருந்துவிட்டுப் போக. மகனைக் கண்டதும் அத்தானின் கை மறுபடியும் வாழைத்தண்டு. பேச்சும் இல்லை. அக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கூச்சம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். காசோடு போனேன். தோசை போட்டேன். அத்தான் நெருப்பாகிவிட்டார். கட்டில் அதிர்ந்தது. நமச்சி ஓடி வந்து ரத்த அழுத்தக் கருவியைக் கட்டினான். அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, அப்பாவுக்கு மறுபடியும் வரணுமா? அதுக்குத்தான் பாக்குறீங்களா?"

"இல்ல மருமகனே, நான் வந்து..."

"வேணாம் மாமா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. மனுஷன் வாய் இல்லாம கெடக்காரு, அவரப் போயிச் சீண்டுறீங்க."

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நான் என்ன சொல்வது? சொல்லிவிட்டால் அப்புறம் அவருக்கு எங்கிருந்து கோபம் வரும்? "துபாய்க்காரன் வெல பேசுனது நெசம்" என்று மட்டும் சொன்னேன்.

காசையெல்லாம் அள்ளி ஒரு பையில் கட்டி, ஆல்பத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவின் இடுப்பில் சொருகி, "இனிமே அப்பா முன்னால காசே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான் பையன்.

டிசம்பர் 23, செவ்வாய்

காசு இல்லை. பச்சைப்பயறுதான். அத்தான் பார்க்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

துவைத்தேன்.

ஜனவரி 2, வெள்ளி

வருஷம் பிறந்துவிட்டதாம். விரல்கள் மறுபடியும் உள்ளே மடங்கிக்கொண்டு போகின்றன. ஜெபராணி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டே, "அந்த எண்ணெய நிப்பாட்டிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். "கொல்லத்துக்குப் போயி வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை அவள்.

ஜனவரி 9, வெள்ளி

அக்கா பித்தளைப் பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டுகிறாள். பரண் மேல் ஏற்றியது நான். ஏணியில் நிற்கும்போது கீழேயிருந்து கேட்டாள்.

"நீ எங்கல போவ?"

"எனக்கென்னக்கா, கோயம்புத்தூர்ல என்னய விட மாட்டேங்கான் மொதலாளி. தெனம் போன்."

அவள் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "போன மாசம் ஒரு பையன் வந்து கேட் சாவி கேட்டான்ல. நீ மருந்துக்கடைக்குப் போயிருந்த. விசிலயும் சேத்துக் குடுத்து விட்டேன்" என்றாள்.

பரண் மேலே தூசி அதிகம். கண்ணில் விழுந்துவிட்டது.

இறங்கி வந்து அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடிபட்ட காசு ஆல்பத்துக்குத்தான் ஆகாது அத்தான். கடைல செல்லத்தான் செய்யி" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தச் சுவரைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை அதில்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

இன்று எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் குற்றம்.

விடியற்காலையில் வாசலில் பொங்கல் வைத்தோம். பானை கிழக்கே பார்த்துப் பொங்கிற்று. நமச்சி நேற்றே வந்துவிட்டான். நாளைக்கு வண்டி சொல்லியிருக்கிறான். அத்தானைக் குளிப்பாட்டி வேட்டி கட்டி நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேசை போட்டு, இலை விரித்து, சர்க்கரைப் பொங்கலும் சிறுகிழங்குப் பொரியலும் வைத்தோம். நமச்சி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஒரே ஒரு வாய். நீங்களா எடுத்துச் சாப்பிடுங்கப்பா. நான் பாக்கணும்."

அத்தான் முயற்சி செய்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி இலைமேல் வைத்தார். விரல்கள் பொங்கலுக்குள் இறங்கின, ஆனால் கூடவில்லை. கை அப்படியே இலைமேல் கிடந்தது. நெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அத்தானின் கண்ணிலிருந்து இறங்கிய நீரை நமச்சிதான் துண்டால் துடைத்தான்.

"போதும்ப்பா. கஷ்டப்படாதீங்க. நாளைக்கு நாம போயிருவோம், என்ன?"

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் பூஜைத் தட்டில் வெற்றிலை மேல் வைத்திருந்த ஐந்து ரூபாயை எடுத்தேன். சாமிக்கு வைத்த காசு. சாமி என்னை மன்னிக்கும், எனக்கும் அதற்கும் ரொம்ப நாள் பழக்கம். அத்தானைப் பார்க்கவே இல்லை. நமச்சியின் முகத்துக்கு நேரே காசை நீட்டினேன்.

"மருமகனே, போறதுக்கு முன்னால இதப் பாரு. ஒங்க அப்பா ஆயுசெல்லாம் தேடுன காசு. இந்தா, சிங்கம் நேரா இருக்கா? இப்பப் பாரு." தோசையைப் புரட்டினேன்.

"மாமா, இந்த நேரத்துல..." என்று ஆரம்பித்தவன் காசைப் பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான். என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை புரட்டினான், அதே தோசைப் புரட்டு. "அட, ஆமா. தலைகீழாத்தான் இருக்கு" என்றான். பொய்க்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

அத்தான் வீட்டுப் பிள்ளை! அத்தான் பெற்ற பிள்ளை!

"கோட்டி!" என்று ஒரு சத்தம். தெளிவாக வந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். இலைமேல் கிடந்த கை எழுந்தது. பொங்கல் ஒட்டிய விரல்கள் நடுங்கி, ஒருமுறை தவறி, மறுபடியும் போய், நமச்சியின் விரல் நடுவில் இருந்த காசை விளிம்பில் கவ்வின. பிடுங்கின. சிங்கத்தை மகனுடைய கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு மெல்ல, துருப்பிடித்த கதவைத் திறப்பது போல, பக்கவாட்டில் திருப்பினார். ஐந்து நேராக நின்றது. நெய் வழிந்தது. காசு விழவில்லை.

நமச்சி காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓ, இப்படித் திருப்பணுமாப்பா?" என்றான்.

அடுப்படி வாசலிலிருந்து அக்கா சத்தம் போட்டாள்: "எய்யா, காசப் பாக்காத! எந்தக் கைன்னு பாரு! எந்தக் கைன்னு பாருல!"

அதற்குப் பிறகு நடந்ததை எழுத முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதால் யார் என்ன சொன்னார்கள் என்று எப்படிக் குறிப்பது? அத்தான் சாப்பிட்டார். பாதி மடியில் விழுந்தது. ஆனாலும் அவர் கையால் எடுத்த வாய் அவர் வாய்க்குத்தான் போயிற்று. சிறுகிழங்கைத் தொடவில்லை. அது என்றைக்குமே அவருக்குப் பிடிக்காது.

நமச்சி சொன்ன வண்டியை வேண்டாம் என்று அவனே போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

ஜனவரி 18, ஞாயிறு

நமச்சி ஊருக்குப் போனான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "மாமா, நீங்க எப்பக் கோயம்புத்தூர் போறீங்க?" என்று கேட்டான். நான் இல்லாமல் அங்கே ஒரு லாரி நகராது, முதலாளி கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார், ஆனாலும் உங்கள் நிலைமையைப் பார்த்து யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க மாமா. இங்கயே இருந்து யோசிங்க" என்றான். பேக்கை மறுபடி கீழே வைத்துவிட்டு என்னவோ சொல்ல வந்து, பேக்கையே எடுத்துக்கொண்டான். "ஜெபராணி சொல்ற அந்த எண்ணெய விட்றாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினான்.

பீரோ சாவி என்னிடம் வந்துவிட்டது. மத்தியானம் காசுத் தட்டை எடுத்துப் போய் வைத்தேன். முதுகு இன்று நிமிரவே மாட்டேன் என்றது. காசைக் காட்டக்கூடத் தெம்பில்லை. கட்டில் காலில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தான் தட்டைத் தானாக இழுத்தார். வலது கையால் ஒரு ரூபாயைப் பொறுக்கினார். இரண்டு முறை நழுவிற்று, மூன்றாவதில் வந்தது. என் மூக்குக்கு நேரே நீட்டினார். சிங்கம் நேராக இருந்தது. என் கண்ணையே பார்த்துக்கொண்டு, அதை மெல்லக் கீழிருந்து மேலாகப் புரட்டினார். தோசை. எண் தலைகீழாக நின்றது. புருவத்தை உயர்த்தினார்.

பாவம், நோய் மனிதர். மூளை இன்னும் முழுசாகத் தெளியவில்லை. நான் காசை வாங்கி, விளிம்பில் பிடித்து, பக்கவாட்டில் திருப்பி, எண்ணை நேராக நிறுத்தி அவர் கையிலேயே கொடுத்தேன். ஆயுசெல்லாம் காசோடு பழகியவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

"கோட்டி" என்றார் அத்தான், ரொம்ப மெதுவாக. காசைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை என் தலையில் வைத்தார். கை கனம்தான்.

அடுப்படியில் அக்கா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் துணி எடுத்து வர வேண்டும். வெயில் போகப் போகிறது.